பரணில் கிடக்கும் அரசு மடிக்கணினி

வெயிலே எட்டிப் பார்க்காத மழைமூட்ட நாள், மார்க்கையன்கோட்டையில் வயல் வேலையும் ஓடாது. பரணில் கிடக்கும் அரசு மடிக்கணினியை இறக்க அதுவே நல்ல நேரம்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தவை இந்த மடிக்கணினிகள். "ரொம்ப ஸ்லோ" என்று ஒதுக்கப்பட்டவற்றில் பலவற்றுக்குச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் தடை. பேட்டரியைக் கழற்றி, அடிமூடித் திருகுகளை எடுத்து, அதே இடத்தில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யைச் செருகினால் வேகம் கண்கூடாகத் தெரியும். ரேமையும் கூட்டுவதானால், வாங்குமுன் டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்ப்பது அவசியம், மாறினால் பொருந்தாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்காகக் கடன் வாங்கிப் புதுக்கணினி வாங்குவது வீண். லினக்ஸ் இயங்குதளம் இலவசம், பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளம். பழைய இரும்புக்கடையில் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.