நீளும் அடியும் நீளா நிலமும்

ஒலுவில் துறைமுகத்தின் தென்பால் மணல் மேடிட்டது. வடபால் கரை அரிபட்டு, தென்னைகள் வேரோடு சாய்ந்து கடலுள் வீழ்ந்தன. 2013இல் திறந்துவைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், இக்கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தமையே இதற்குக் காரணமாகும். கடலினுள்ளே நீட்டிய கல்லுக்கு உரிய விலையைக் கரை கொடுத்தது. எதனையேனும் நீட்ட முற்படுவோர், அந்நீட்சிக்கு இடங்கொடுக்கப்போவது எது என்று முன்னரே கேட்டல் வேண்டும். எமது கரை புகட்டும் பாடம் இதுவே.

இப்பாடத்தைக் கற்க மறுத்துவரும் உலகங்களுள் ஒன்று கோல்ப் உலகம். கோல்ப் பற்றி இம்மலரில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை ஊட்டலாம். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட ஊர்களின் பிள்ளைகள் கிரிக்கெற்றையும் உதைபந்தாட்டத்தையும் அறிவர். கோல்ப்போ ஆங்கிலேயர் விட்டுச்சென்ற, வசதிபடைத்தோரின் ஆட்டம். ஆயினும், கருவி வளர வளர நிலமும் அதற்கேற்ப நீண்டுகொடுக்கவேண்டும் என்னும் வாதம் அங்கே எவ்வித கூச்சமுமின்றி முன்வைக்கப்படுகின்றது. அவ்வாதம் பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உண்மைகளை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைச் சுற்றில் ஆடுவோரின் தொடக்க அடி, 1980இல் சராசரியாக ஏறத்தாழ 235 மீற்றர் தூரம் சென்றது. 2023இல் அது ஏறத்தாழ 274 மீற்றராக உயர்ந்தது. நாற்பது மீற்றர் அளவான இவ்வேறுபாட்டைப் புயத்தின் வலிமை மட்டும் ஈட்டித்தரவில்லை. 1990களில் பரவிய தைத்தேனியத் தலைகொண்ட கோல்களும், 2000ஆம் ஆண்டையடுத்துப் பரவிய பல படைகளாலான திண்மப் பந்தும், பந்தின் வேகத்தையும் கோணத்தையும் சுழற்சியையும் கணத்தில் அளந்து கூறும் பொறிகளும் அதில் பெரும்பங்கு வகித்தன.

இத்தூரம் பழைய திடல்களை எவ்வாறு தாக்குகின்றது? பழைய திடலொன்றை வகுத்தவன், மணற்குழியையும் ஓடையையும் வளைவையும் வேண்டியவாறு தூவிவிடவில்லை. தொடக்க அடி எங்கே வீழும் என்று கணித்து, அவ்விடத்திலேயே இடரை வைத்தான். துணிந்தவன் அதனைக் கடக்க முயல்வான். அஞ்சியவன் ஒதுங்கிச் சென்று அடுத்த அடியில் அதற்கு ஈடுகொடுப்பான். இத்தெரிவே ஆட்டத்தின் உயிர். இன்றோ பந்து அவ்விடரின் தலைக்கு மேலாகப் பறந்து செல்கின்றது. நீண்ட கோல்கொண்டு நடுங்கும் நெஞ்சோடு ஆடவேண்டிய இரண்டாம் அடி, குறுங்கோலால் எளிதில் முடிகின்றது. மணற்குழி இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன் பொருள் மட்டும் அழிந்துவிட்டது.

இதற்குத் திடலுடையோர் கண்ட பரிகாரம் நிலத்தை நீட்டுதலாகும். பொபி ஜோன்ஸ், அலிஸ்ரர் மெக்கென்சி ஆகியோர் வகுத்த ஒகஸ்ரா திடல் 2001இல் ஏறத்தாழ 6,390 மீற்றர் நீளமுடையதாயிருந்தது. 2023இல் அது ஏறத்தாழ 6,900 மீற்றராயிற்று. புகழ்பெற்ற அதன் பதின்மூன்றாம் குழியின் தொடக்கமேடையைப் பின்தள்ளுவதற்கு அயற்கழகத்தின் காணியே விலைக்கு வாங்கப்பட்டது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பழந்திடலில், 2010ஆம் ஆண்டுப் போட்டிக்காகப் பதினேழாம் குழியின் தொடக்கமேடை திடலின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டது. பல நூற்றாண்டுக் காலமாக ஆடப்பட்டுவரும் நிலம் தன் எல்லைக்குள் தன்னையே காத்துக்கொள்ள இயலாத நிலையை எய்தியமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அயற்காணியை வாங்கும் செல்வம் எத்தனை கழகங்களுக்கு உண்டு? எமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1879இல் தோன்றிய றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் திடல் நெருங்கிய நகரின் நடுவே கிடக்கின்றது. களனிவெளிப் புகையிரதப் பாதை அதனூடாகவே செல்கின்றது. 1889இல் தோன்றிய நுவரெலியாத் திடலை நகரும் மலைச்சரிவும் நெருக்கி நிற்கின்றன. இத்திடல்களை நீட்டுவதாயின் எதனை விலக்குவது? புகையிரதப் பாதையையா, குடியிருப்பையா, மலையையா? நீட்டிய நிலத்துக்கு நீரும் பசளையும் பராமரிப்பும் வேண்டுமன்றோ? ஒருசில வல்லுநரின் அடிக்காக நீளும் நிலத்தின் செலவை, அவ்வாறு அடிக்கவே இயலாத சாதாரண உறுப்பினன் சுமக்கின்றான். நீரின் செலவையோ ஊரே சுமக்கின்றது.

மறுதரப்பார் மூன்று நியாயங்கள் கூறுவர். முதலாவது, கருவியைக் கட்டுப்படுத்தல் முன்னேற்றத்துக்கு முரணானது என்பது. முன்னேற்றம் என்னும் சொல்லுக்கு அஞ்சி வாய்மூடும் வழக்கம் எம்மிடையே அதிகம். 1848 அளவில், இறகு அடைத்த தோற்பந்தின் இடத்தை மலாய் நாட்டு மரப்பாலில் உருண்ட கட்டாபேர்ச்சாப் பந்து பிடித்தது. அது மலிவானது, ஏழையையும் ஆட்டத்துள் அழைத்துவந்தது. அம்மாற்றத்தை முன்னேற்றம் எனலாம். இன்றைய பந்தோ எவரையும் புதிதாக உள்ளே அழைக்கவில்லை. எல்லோரும் ஒரே அளவுக்கு மேலதிகமாக அடிப்பார்களாயின் அவர்களிடையே வெற்றிதோல்வி மாறப்போவதில்லை. நிலத்தின் தேவை மட்டுமே பெருகும்.

இரண்டாவது நியாயம், குறுகிய திடலும் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது. 2013இல் மெரியன் திடலில் நடைபெற்ற ஐக்கிய அமெரிக்கத் திறந்த போட்டியை அவர்கள் சான்றாகக் காட்டுவர். 6,400 மீற்றர் அளவேயான அத்திடலில், வெற்றிபெற்ற ஜஸ்ரின் றோஸும் நிர்ணய அடிகளைவிட ஓரடி கூடுதலாகவே ஆடினார் என்பது உண்மை. ஆனால் அவ்வெற்றி எவ்வாறு கிட்டியது? ஆடுபாதைகளை ஒடுக்கி, இருமருங்கும் புல்லை நெடிது வளர்த்தே திடல் காக்கப்பட்டது. வழிகளைத் தெரிந்துகொள்ள இடமளித்த நிலம், ஒரே வழியில் நடக்குமாறு கட்டளையிடும் நிலமாயிற்று. நீட்டுதல் இயலாதபோது நெரித்தல் பரிகாரமாகிவிடாது.

மூன்றாவது, பொழுதுபோக்காக ஆடுபவனின் இன்பத்தை ஏன் பறிக்கவேண்டும் என்பது. கோல்ப் விதிகளை வகுக்கும் ஆர் அன்ட் ஏ அமைப்பும் ஐக்கிய அமெரிக்கக் கோல்ப் சங்கமும் 2023 மார்ச்சில், உயர்நிலைப் போட்டிகளுக்கு மட்டும் தனிப்பந்து என்னும் யோசனையை முன்வைத்தன. அதனைத் தொழில்முறைச் சுற்றும் பந்து உற்பத்தியாளரும் எதிர்த்தனர். எனவே அவ்வாண்டு டிசம்பரில், பந்தின் சோதனை விதியை எல்லோருக்கும் பொதுவாக இறுக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. மிக நீளமாக அடிப்போர் 12 முதல் 14 மீற்றர் வரை இழப்பர் என்றும், பொழுதுபோக்காக ஆடுவோரின் இழப்பு 5 மீற்றருக்குங் குறைவு என்றும் அப்போது மதிப்பிடப்பட்டது. அந்த ஐந்து மீற்றருக்காகவா இத்தனை கூக்குரல்? வெற்றியாளன் ஆடும் அதே பந்து என்று கூறி விற்க இயலாது போய்விடுமே என்னும் வணிகரின் கவலையே, பொழுதுபோக்கு ஆட்டக்காரனின் குரலில் பேசுகின்றது என நாம் ஐயுறுவதில் தவறில்லை.

கிரிக்கெற் உலகம் இவ்விடயத்தில் ஓரளவு விவேகத்தைக் காட்டியது. 1979இல் டெனிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கியபின், மட்டை மரத்தாலானதாகவே இருத்தல் வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. மட்டைகள் பருத்துவந்தமையால், 2017இல் விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கும் மட்டையின் மொத்தத் தடிப்பு 67 மில்லிமீற்றருக்கும் மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. காலி மைதானத்துக்கு அருகே கோட்டை மதில் நிற்கின்றது. மட்டை பருத்துவிட்டது என்பதற்காக அம்மதிலை இடிக்குமாறு எவரும் கேட்கவில்லை. கோல்ப் உலகம் செய்யவேண்டியதும் இதுவே. 2023இன் முடிவு காலந்தாழ்த்தி எடுக்கப்பட்டது, அளவிற் சிறியது, ஆயினும் திசையிற் சரியானது. அதனைத் தளர்த்துமாறு கோருவோருக்கு இடங்கொடுத்தலாகாது.

மீண்டும் எமது கரைக்கு வருவோம். துறைமுகமே வேண்டாம் என்பது எமது வாதமன்று. இக்கரையின் மீனவருக்குப் பாதுகாப்பான ஒதுங்கிடம் அவசியம். ஆனால் நிலத்தின் இயல்பைக் கேளாது நீட்டப்பட்ட சுவர் இருவரையும் ஏமாற்றியது. வாயிலை மணல் அடைத்தது. கரையைக் கடல் தின்றது. 2018இல், வாயிலைத் தோண்டுமாறு கோரிய மீனவரும் கரையைக் காக்குமாறு கோரிய ஒலுவில் மக்களும் எதிரெதிரே நிற்கநேர்ந்தது. ஒருவருக்கொருவர் பகையல்லாத அவ்விரு சாராரையும் பகைவராக்கியது மனிதனின் அளவறியாமையே.

கோல்ப் திடலில் இழக்கப்படுவது ஓர் ஆட்டத்தின் அழகு மட்டுந்தானே எனச் சிலர் அமைதி கொள்ளலாம். ஆட்டத்தில் அளவு பேணப் பழகாத மனிதன் வாழ்வில் அதனைப் பேணுவான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? கருவியை ஆக்கியவன் மனிதன்; அதனைக் குறுக்கவும் அவனால் இயலும். நிலத்தை அவன் ஆக்கவில்லை. ஆதலின் விட்டுக்கொடுக்கவேண்டியது கருவியே.