கட்டுமானத்தில் கூட்டாளிகள்: ஒரகடம் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் வந்தது, 2012-ல் டைம்லர் வந்தது. இந்த ஆலைகளுக்குள் ஒரு நல்ல பழக்கம் உண்டு. உதிரிபாகத்தில் குறை வந்தால் வாங்குபவரும் செய்து கொடுத்தவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, "ஏன் வந்தது?" என்று தேடுவார்கள். ஜப்பானியரிடமிருந்து கற்ற வழி இது. சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் 1998-ல் இந்தியாவின் முதல் டெமிங் பரிசை வாங்கியதும் இந்த வழியில்தான். விலையைக் குறை என்ற நெருக்குதல் அங்கேயும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் அதே ஆளிடம்தான் வாங்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

அதே ஆலையின் கட்டடத்தையும், அதற்குப் போகும் சாலையையும் கட்டும்போது மட்டும் நியாயம் மாறிவிடுகிறது!

டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. நிலம் கைக்கு வரத் தாமதம், டிராயிங் வரத் தாமதம், தோண்டினால் எதிர்பாராத மண். உடனே கடிதப் போர் ஆரம்பம். ஒப்பந்ததாரர் எழுதுவது பின்னால் இழப்பீடு கேட்க, அதிகாரி பதில் எழுதுவது தன் மேல் பழி வராமலிருக்க. வேலையை முடிப்பதற்காக யாரும் எழுதுவதில்லை. கடைசியில் ஆர்பிட்ரேஷன், பிறகு உயர் நீதிமன்றம். இடையில் பில் நிற்கும். பில் நின்றால் துணை ஒப்பந்ததாரருக்குப் பணம் நிற்கும், அவர் கீழே இருக்கும் சென்ட்ரிங் மேஸ்திரிக்கும் நிற்கும். வழக்கில் யார் ஜெயித்தாலும் அந்த மேஸ்திரியின் ஆட்களுக்கு வட்டியோடு கூலி வரப்போவதில்லை.

இந்த நோய்க்கு 1980-களின் கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு ஒரு மருந்தை முயன்று பார்த்தது. பெயர் பார்ட்னரிங். வேலை தொடங்கும் முன்பே உரிமையாளர், ஒப்பந்ததாரர், வடிவமைப்பாளர் எல்லோரையும் ஓரிரு நாள் ஒரே அறையில் உட்கார வைப்பது. நடத்துபவர் இரு தரப்பையும் சேராத ஃபெசிலிடேட்டர். தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. பேச வைப்பதுதான் வேலை. சைட்டில் தீராத சிக்கல் எத்தனை நாளில் யாரிடம் போக வேண்டும் என்ற ஏணியை அங்கேயே எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அவ்வப்போது கூடி, சொன்னபடி நடந்தோமா என்று மதிப்பெண் போடுகிறார்கள். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் ஃபெசிலிடேட்டரின் கட்டணத்தை அரசும் ஒப்பந்ததாரரும் பாதிப் பாதி ஏற்கிறார்கள். பாதிப் பணம் கொடுத்தவன் கூட்டத்துக்கு வந்து தூங்கமாட்டான், இல்லையா?

பிரிட்டனில் 1994-ல் வந்த லேத்தம் அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தில் விமான நிலைய நிறுவனம் ஒரு படி மேலே போய், கட்டுமான அபாயத்தைத் தானே சுமந்தது. (2008-ல் திறந்த அன்று பயணிகளின் பெட்டிகள் குழம்பியது வேறு கதை. ஊழியர்களுக்குப் பயிற்சி போதாததும் அதற்கு ஒரு காரணம்!)

நம்மூர்க் கதைக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சரக்கு துறைமுகம் போக வேண்டிய வழி, துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை. 2009-ல் அடிக்கல். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. பத்து வருடம் மொட்டைத் தூண்கள் ஆற்றில் நின்றன. 2022-ல் மறுபடி அடிக்கல், இம்முறை ஈரடுக்கு, 5,800 கோடி ரூபாய்க்கும் மேலே. அரசியல் புகுந்த இடத்தில் ஃபெசிலிடேட்டர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் துறை முதல் தூணுக்கு முன்பே அந்த மேஜையில் இருந்து, ஒவ்வொரு தூணின் இடத்துக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால், பின்னால் நிறுத்துவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

மதுரவாயல் – வாலாஜாபேட்டை சாலையின் கதி இன்னொன்று. சாலை சரியில்லை என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சுங்கக் கட்டணத்தில் பாதியைத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இங்கே உண்மையான தடை தணிக்கை பயம். மேஜையில் பேசி இரண்டு கோடி கொடுத்த அதிகாரிக்கு விசாரணை வரலாம். வழக்காடித் தோற்று ஐந்து கோடி கொடுத்தவரை யாரும் கேட்கமாட்டார்கள், அது நடுவர் தீர்ப்பு! 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், அரசு ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷனை வழக்கமாக்க வேண்டாம், பெரிய தகராறுகளில் சமரசத்தை நாடுங்கள் என்றது. நல்லதுதான். ஆனால் சமரசம் என்பது சண்டை வந்தபின் செய்வது. பார்ட்னரிங் அதற்கு முன்னால் வர வேண்டியது.

பயிற்சி யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். நட்சத்திர ஓட்டலில் மேலாளர்கள் மட்டும் ஆங்கிலத்தில் கைகுலுக்கிவிட்டுப் போனால், மறுநாள் சைட்டில் பழைய சண்டையேதான். சைட் இன்ஜினியர், மேற்பார்வையாளர், லேபர் கான்ட்ராக்டர் ஆகியோருக்குத் தமிழிலும் இந்தியிலும் அந்தப் பயிற்சி நடக்க வேண்டும். துணை ஒப்பந்ததாரரின் பில் எத்தனை நாளில் தீர வேண்டும் என்பதும் அந்த மதிப்பெண் தாளில் ஒரு வரியாக இருக்க வேண்டும். சிப்காட் தன் அடுத்த பெரிய டெண்டரில், சிமெண்டுக்கும் கம்பிக்கும் தொகை எழுதுவதுபோல ஃபெசிலிடேட்டருக்கும் ஒரு தொகையை எழுதிப் பார்க்கலாம். மொத்தச் செலவில் அது ஒரு துளிகூட வராது.