முதல் இல்லாத தொழில்!

‘முதலீடே இல்லை. வீட்டில் இருந்தபடியே மாதம் முப்பதாயிரம்!’

2020 ஊரடங்கில் இந்த வாசகத்தைச் செல்போனில் பார்த்தார், நாமகிரிப்பேட்டையில் இருக்கும் எனக்குத் தங்கை முறையாகும் ஒருவர். வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த லாரி மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றது. கையில் போன் இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டார். எந்த ஆப் என்று கேட்காதீர்கள். அப்போது நாலைந்து இருந்தன. எல்லாம் ஒரே மாவில் சுட்ட தோசை.

வேலை ரொம்பச் சுலபம். ஆப்பில் வரும் சூரத் சேலைப் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அங்கே 420 என்றால் இங்கே 520. சித்தி வாங்கினால் சேலை நேராகச் சித்தி வீட்டுக்குப் போகும். நூறு ரூபாய் நம் கணக்குக்கு வரும். சேலையைக் கையால் தொடக்கூட வேண்டாம். பிரச்னையே அதுதான் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் மாதம் 22 சேலை போனது. ஏழு திரும்பி வந்தது. படத்தில் மாம்பழ மஞ்சள், பார்சலில் எலுமிச்சை மஞ்சள். மிச்சம் 15 சேலைக்கு 1,500 ரூபாய். முப்பதாயிரம் எங்கே, 1,500 எங்கே! ஆனாலும் ஊரடங்கு நேரத்தில் அது காசுதான். மறுக்கவில்லை.

அடுத்த வருடம் சித்தியே ஒரு போன் வாங்கினார். அதே ஆப். அதே சேலை. 420. சித்தி கேட்டது ஒரே கேள்வி. “ஏங்கண்ணு, எங்கிட்டயேவா லாபம் பார்த்தே?”

நான் பி.காம். படித்தவன். கணக்குப்பதிவியலில் ‘நற்பெயர்’ என்று ஒரு சொத்து வரும். கடைக்குப் பக்கத்தில் வேறு கடை இருந்தும் ஆட்கள் நம்மிடமே வருகிறார்களே, அதற்கு ஒரு விலை உண்டு; கடையை விலைக்கு வாங்குபவர் அதை ஐந்தொகையில் சொத்துப் பக்கம் எழுதுவார். கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று பேர். பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்ததோடு சரி. அதை நேரில் பார்த்தது தங்கையின் வாட்ஸ்அப் குரூப்பில்தான். இருபது வருடமாகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய் வந்து, மொய் எழுதி, ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்துச் சேர்த்த சொத்து அது. சேலைக்கு நூறு ரூபாய் வீதம் அதை விற்றுக்கொண்டிருந்தார். இதற்குத்தான் ‘முதலீடு இல்லை’ என்று விளம்பரம். முதல் அவருடையது. சரக்கு, விலை, வாடிக்கையாளரின் முகவரி மூன்றும் ஆப்காரருடையது.

கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வியாபாரத்தில் ரொம்பப் பெரிய பெயர் மீஷோ. விதித் ஆத்ரே, சஞ்சீவ் பர்ன்வால் என்ற இரண்டு டெல்லி ஐ.ஐ.டி. நண்பர்கள் 2015-ல் ஆரம்பித்தது. முதலில் பக்கத்துத் துணிக்கடைகளை ஆப்பில் சேர்க்கும் திட்டம்தான் போட்டார்கள். அது ஓடவில்லை. வாட்ஸ்அப்பில் பெண்கள் விற்கிறார்கள் என்று கவனித்து மறுவிற்பனைக்கு மாறினார்கள். 2019-ல் ஃபேஸ்புக் பணம் போட்டது. 2021-ல் மறுபடி திட்டம் மாறியது. வாங்குபவரே நேராக ஆப்பில் வாங்கலாம் என்ற பக்கம் கம்பெனி திரும்பியது. 2025 டிசம்பரில் பங்குச்சந்தைக்கே வந்துவிட்டது. கெட்டிக்காரர்கள். திட்டத்தை மாற்றத் தெரிந்ததால்தான் பிழைத்தார்கள்.

என் கோபம் வேறு. பெங்களூரில் ஒரு கம்பெனி திட்டத்தை மாற்றினால் அதற்கு ‘பிவட்’ என்று பெயர், மேலாண்மைக் கல்லூரியில் பாடம். நாமகிரிப்பேட்டையில் ஒரு பெண் மாற்றினால், “ஆரம்பிச்சதை உருப்படியா முடிச்சாளா?” அதுவும் அவர்கள் மாறும்போது கையில் அடுத்தவர் போட்ட முதலீடு இருந்தது. இவருக்கு யார் போட்டார்கள்? இன்றும் யூடியூபில், மேடையில், ‘மறுவிற்பனை செய்யுங்கள், ரிஸ்க்கே இல்லை’ என்று பயிற்சி கொடுக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்கள் சித்தியின் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லித் தருவதே இல்லை.

தங்கை தானாகவே மாறினார். சேலம் போய் பஸ் மாறினால் இளம்பிள்ளை. தெருத் தெருவாக விசைத்தறிச் சேலை. அதை விட்டுவிட்டு சூரத் படத்தை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்! சீட்டுப் பணத்தில் இருபது சேலை எடுத்தார். இந்தத் தடவை தொட்டுப் பார்த்து, விரித்து, வெயிலில் வைத்துப் படம் பிடித்தார். திரும்பி வந்தது ஒன்றுதான். ஆனால் ஆறு சேலை பீரோவிலேயே தங்கிவிட்டது. கையிருப்பு என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது என்றார்.

அப்புறம்தான் மஞ்சள்.

நாமகிரிப்பேட்டை என்றால் பலருக்கு நாதஸ்வரம் கிருஷ்ணன் ஞாபகம் வரும். ஊர்ப்பெயரை முதலில் பிராண்ட் ஆக்கியவர் அவர்தான். அடுத்தபடி மஞ்சள். செவ்வாய்க்கிழமை ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகள் அடுக்கியிருக்கும். வியாபாரிகள் வந்து எடுத்துப் போவார்கள். அதே மஞ்சள் யாரோ ஒருவர் பெயர் போட்ட பாக்கெட்டில் அதே ஊர் மளிகைக்கடைக்குத் திரும்பி வரும். மறுவிற்பனை என்றால் அதுதான் அசல் மறுவிற்பனை. நம் வீட்டு வாசலிலேயே நடக்கிறது, நமக்குத்தான் பங்கு இல்லை.

மாமனார் காட்டு மஞ்சளில் ஒரு மூட்டையை ஏலத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினார். மில்லில் கொடுத்து அரைத்து, அரைக் கிலோ பாக்கெட் போட்டு, குரூப்பில் அறிவித்தார். மளமளவென்று போனது. மூன்றாம் நாள் ஒரு பெரியம்மாவிடமிருந்து போன். சாம்பாரில் போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இவர் முகத்தில் பூசியிருக்கிறார். எரிச்சல் தாங்கவில்லை. அந்த மில்லில் அதற்கு முன்னால் அரைத்தது மிளகாய்! எல்லாப் பாக்கெட்டையும் திரும்ப வாங்கி, காசைக் கொடுத்தார். சேலையில் கிடைத்த லாபம் அதில் போனது. ஆனால் பாருங்கள், இந்த முறை யாரும் குரூப்பை விட்டுப் போகவில்லை. இப்போது விடியற்காலையில் மில் திறந்ததும் முதல் ஈடு இவருடையது. உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கிவிட்டார்.

அடுத்த முட்டுக்கட்டை சட்டம். முன்பெல்லாம் ஆன்லைன் தளத்தில் ஒரே ஒரு பாக்கெட் விற்பதற்கும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தினார்கள். விற்பனை வரம்புக்குள் இருந்தால், பதிவு இல்லாமலேயே ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு தளத்தில் விற்கலாம். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். அதாவது நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஓசூர் வரை தாராளமாகப் போகலாம்; எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் பதிவு வேண்டும். அரைக் கிலோ மஞ்சள்தூளுக்கு! ஒரே நாடு ஒரே வரி என்று சொல்லித்தானே கொண்டுவந்தீர்கள், சார்?

தங்கையின் நாத்தனார் பெங்களூரில் இருக்கிறார். அவருடைய அடுக்குமாடி முழுக்க மஞ்சள் கேட்கிறார்களாம். போன வாரம் எனக்குப் போன். “பதிவு பண்ணிக்கலாமுங்களாண்ணா?” கணக்குத் தாக்கல், ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மனக்கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“வேண்டாமுங்கண்ணா. தீபாவளிக்கு நாத்தனாரு ஊருக்கு வருவாங்கல்ல, டிக்கியில போட்டுவிட்டுடறேன்.”