சாவி யாரிடம் இருக்கிறது?

ஓய்வு பெற்றபின் என்னைத் தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. பாகலூர் ரோட்டில் மனை வாங்கலாமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. கம்ப்யூட்டர் சமாச்சாரம் கேட்பவர்கள் இன்னொரு வகை. முதல் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இரண்டாவது கொஞ்சம் தெரியும். ஆனால் ஓசூர் சிப்காட்டில் முப்பது வருடம் மெஷின் வாங்கும் கமிட்டியில் உட்கார்ந்தவன் நான். வாங்குவதில் எங்கே ஏமாறுவோம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு, இந்தப் பக்கத்துச் சிறுதொழில் செய்பவர்களின் சங்கம் ஒன்றின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் என்னிடம் டிரெய்னியாக இருந்தவர். இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். கையில் மூன்று கொட்டேஷன்.

"சங்கத்துக்குப் பெரிய வெப்சைட் போடறோம் சார். எதை எடுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

பட்டியல் பெரிதாகத்தான் இருந்தது. எந்த உறுப்பினர் டர்னிங், யார் டை காஸ்டிங், யார் பிளேட்டிங் என்று தேடிப் பார்க்கும் வசதி, வேலைவாய்ப்பு அறிவிப்பு, பயிற்சி வகுப்புக்குப் பதிவு, சந்தா கட்டுவது, சுற்றறிக்கைகள், போட்டோக்கள். இத்தனையும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழியில். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். வாடிக்கையாளர் பாதிப்பேர் அந்தப் பக்கம்தான்.

இவ்வளவு பெரிய தளத்தை ஒவ்வொரு பக்கமாகக் கையால் எழுத முடியாது. அதற்குத்தான் சி.எம்.எஸ். என்கிற மென்பொருள். உள்ளடக்கத்தை ஒரு கிடங்கில் வைத்துக்கொண்டு, கேட்கும்போது பக்கமாக அடுக்கிக் கொடுக்கும். ஒரு கொட்டேஷனில் வேர்ட்பிரஸ், இன்னொன்றில் ட்ரூபல், மூன்றாவதில் அந்தக் கம்பெனியே எழுதிய 'சொந்த' சி.எம்.எஸ். மூன்றாவதுதான் விலை குறைவு. டெமோவிலும் அதுதான் பளபளவென்று இருந்ததாம்.

"பழைய வெப்சைட் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தார்.

அதைச் செய்து கொடுத்தவர் கடையை மூடிவிட்டார். டொமைன் அவர் பெயரில். சர்வரும் அவருடையது. ஒருநாள் தளம் திறக்கவில்லை. போன் எடுக்க ஆளில்லை. ஆறு வருடச் சுற்றறிக்கைகள் போயின. சங்கத்தை ஆரம்பித்த பெரியவர் ஒருவர் பேசிய கூட்டத்தின் போட்டோக்கள் வேறெங்கும் இல்லை. அவரும் இப்போது இல்லை. இதைச் சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு என் சர்வீஸில் நடந்தது ஞாபகம் வந்தது. தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்த ஒரு ஸ்பெஷல் மெஷின். அதன் பி.எல்.சி. புரோகிராமை, செய்தவர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தார். மெஷின் அருமையாக ஓடியது, யாரும் கவலைப்படவில்லை. சில வருடத்தில் அவர் தொழிலை விட்டுவிட்டார். பிறகு ஒரு நீண்ட ஷட்டவுனில் பி.எல்.சி.யின் பேட்டரி தீர்ந்து, அதிலிருந்த புரோகிராம் அழிந்தது. இரும்பு, மோட்டார், சிலிண்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது. மெஷின் மட்டும் பிணம் மாதிரி நிற்கிறது. புதிதாக லேடர் எழுதி ஓட்டுவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி நிரந்தரமாக ஏறியது: புரோகிராம் காப்பி, பாஸ்வேர்டு, டிராயிங் மூன்றும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை.

சி.எம்.எஸ். விஷயத்தில் என் கருத்தும் அந்த ஒரு வரிதான். என்னென்ன வசதி உண்டு என்று பார்ப்பதற்கு முன், வெளியே வரும் வழி உண்டா என்று பாருங்கள்.

வெளியே வரவேண்டிய நாள் கட்டாயம் வரும். உலகத்தில் பணத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லாத இடம் அமெரிக்க வெள்ளை மாளிகை. அதன் இணையதளம் 2009-ல் ட்ரூபலுக்கு மாறியது. 2017-ல் அதையும் விட்டு வேர்ட்பிரஸுக்குப் போனது. அவர்களே எட்டு வருடத்தில் மாறினால் நம் சங்கம் எம்மாத்திரம்? ட்ரூபல் 7-ஆம் பதிப்பு 2011-ல் வந்தது. அதற்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது. அதிலிருந்து 8-க்குப் போவது சும்மா அப்டேட் பட்டனை அமுக்கும் வேலை இல்லை. ஏறக்குறைய வீட்டைக் காலி செய்து புது வீட்டுக்குப் போவது மாதிரி. நல்ல மென்பொருளிலேயே இதுதான் கதை. ஆனால் மூட்டை முடிச்சோடு போக முடிந்தது அல்லவா, அதுதான் முக்கியம். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா மூன்றும் ஜி.பி.எல். உரிமத்தில் வரும் திறந்த மென்பொருள். செய்தவர் ஓடிவிட்டாலும் வேறொருவர் திறந்து பார்த்துச் சரிசெய்யலாம்.

தமிழர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியவேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஃபான்ட் வைத்திருந்த காலம் நினைவிருக்கிறதா? அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் நாம் அடித்ததே நமக்குப் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-ல் தாம், தாப் என்று தரம் வந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் எத்தனை பேருடைய எழுத்து பழைய ஃப்ளாப்பிகளில் அடைந்து போனதோ! என்னிடமே ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

"சரி சார், வசதியெல்லாம் பார்க்கவே வேண்டாமா?" என்றார் தம்பி. பார்க்கவேண்டும், ஆனால் டெமோவில் அல்ல. அடுத்த வாரம் மூன்று கம்பெனிக்காரர்களையும் சங்க அலுவலகத்துக்கு வரச்சொன்னோம். இரண்டே பரீட்சை வைத்தேன்.

முதல் பரீட்சை அங்கே கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு. தினமும் தளத்தைத் தொடப்போவது அவர்தான். செயலாளரும் இல்லை, நானும் இல்லை. தமிழில் ஒரு சுற்றறிக்கை ஏற்றவேண்டும், ஒரு உறுப்பினரின் போன் நம்பரை மாற்றவேண்டும். வேர்ட்பிரஸில் யாரையும் கேட்காமல் முடித்தார். ட்ரூபலில் மூன்று முறை "சார், இது எங்க இருக்கு?" என்று கேட்டார். மூன்றாவதில் சுலபமாகவே செய்தார், அதை மறைக்கக்கூடாது.

இரண்டாவது பரீட்சை கம்பெனிக்காரர்களுக்கு. இப்போது ஏற்றியதையெல்லாம் மொத்தமாக வெளியே எடுத்து, என் லேப்டாப்பில் போட்டுத் திறந்து காட்டுங்கள் என்றேன். முதல் இருவரும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாலும் காட்டினார்கள். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு எங்க சிஸ்டத்துல ஆப்ஷன் கிடையாது சார். நாங்கதான் எப்பவும் இருக்கோமே" என்றார். பழைய ஆளும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மிச்சம் இரண்டில் எது? ட்ரூபலின் பக்கம் நியாயம் உண்டு. 2015-ல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து பன்மொழி வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்குத் தனி பிளக்-இன் வேண்டும். பிளக்-இன் கூடக்கூட ஓட்டையும் கூடும். பல்லாயிரம் பதிவு, பத்துப் பதினைந்து பேர் பல படிநிலைகளில் திருத்துகிற தளம் என்றால் நான் ட்ரூபல்தான் சொல்வேன். ஆனால் அதற்கு விவரம் தெரிந்த ஆள் கூடவே இருக்கவேண்டும். 2014 அக்டோபரில் ட்ரூபலில் ஒரு பெரிய பாதுகாப்புக் குறை வெளியானபோது, அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று அவர்களே எச்சரித்தார்கள். நம் சங்கத்தில் ஏழு மணி நேரத்தில் கூட்டத்துக்கு நோட்டீஸ்கூட போகாது!

அதனால் வேர்ட்பிரஸ் என்றேன். உலகத் தளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. பெங்களூரிலும் சரி, கிருஷ்ணகிரியிலும் சரி, ஒருவர் போனால் இன்னொருவர் கிடைப்பார். பைக் வாங்கும்போது பக்கத்தில் மெக்கானிக் இருக்கிறானா என்று பார்ப்பதில்லையா? பிளக்-இன்களை மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அப்புறம் ஆர்டரில் நான்கு வரி சேர்த்தோம். டொமைனும் ஹோஸ்டிங்கும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில். அட்மின் பாஸ்வேர்டு ஒரு காப்பி கவரில் போட்டு ஒட்டி, சங்கத்து பீரோவில். மாதம் ஒரு முழு பேக்கப் நம் கைக்கு. வருடப் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கவேண்டும். கடைசி வரிக்குத்தான் கமிட்டியில் முணுமுணுப்பு. யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசித்த கதைதான். மெஷினுக்கு ஏ.எம்.சி. போடுகிறவர்கள் இதற்கு யோசிக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தார். பழைய உறுப்பினர் ஒருவர் வீட்டு ஆல்பத்தில் அந்தப் பெரியவர் பேசும் போட்டோ இரண்டு கிடைத்ததாம். ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டேன் சார் என்றார்.

"பேக்கப் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டுத்தான் சார் உங்களுக்கே போன் பண்றேன்."