மட்கலக் கலை

பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். அத்தொழிலுக்கெனத் தொழிற்பேட்டையும் கல்விநிலையமும் ஆங்கு உள. அச்சில் வார்த்த பீங்கான் மலிந்தபின் திகிரியில் வனையும் மட்கலம் எதற்கு என்பர் சிலர். அஃது ஆராயாதார் கூற்று.

ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு சிவப்புக் கலங்களைக் காண்க. பண்டை வேட்கோவர் கலத்தைக் கவிழ்த்துச் சுட்டனர். காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது. காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. ஒரே சூளையில் இருநிறம்! இத்தகைய அறிவு ஏட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று. தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்கு வந்தது. ஒரு தலைமுறை கைவிடின் மீட்டல் அரிது.

மீட்போரும் இல்லாமல் இல்லை. புதுச்சேரியைச் சார்ந்த வில்லியனூரில் சுடுமண் சிற்பம் வளர்த்த முனுசாமி 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனினும், விருதினும் முதற்கண் வேண்டுவது மண். ஏரிமண் எடுக்கக் குயவர் உற்ற இடர் சிறிதன்று. 2024-இல் தமிழக அரசு, வட்டாட்சியர் இசைவுடன் நீர்நிலை மண்ணைக் கட்டணமின்றி எடுக்க உழவர்க்கும் குயவர்க்கும் வழிசெய்தது. மண் கிடைத்தால் மட்டும் போதுமா? கற்பிக்க இடமும் வேண்டும். விருத்தாசலத்துக் கல்விநிலையம் பெண்ணாடப் பக்கத்து முதிய குயவரை ஆசிரியராக அழைத்து, மாணவர்க்குத் திகிரி பழக்குவிக்கலாம். அவர்க்குப் பட்டம் உண்டா என வினவுதல் வேண்டா.