எல்லோருக்கும் பொறுப்பு, உரிமையாளருக்கு மட்டும் முடிவா?

இங்கிலாந்தின் மழலையர் காப்பகங்களில் குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனிப் பொறுப்பாளர் தேவையில்லை என்று தம் கட்டுரையில் எழுதுகிறார் நண்பர். அடுக்கும் காரணங்களோ ஒன்றன் காலை ஒன்று வாருகின்றன.

"பாதுகாப்பு எல்லோருடைய கடமை, ஒருவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?" கடமை பொது என்பதை யார் மறுத்தார்கள்? திங்களன்று ஒருவர் கண்ட காயமும், வியாழனன்று இன்னொருவர் உடை மாற்றும்போது கண்ட நடுக்கமும் தனித்தனியே அற்பமாகத் தெரியும். இரண்டையும் ஒரே ஏட்டில் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதால்தான், ஒவ்வொரு காப்பகத்திலும் ஒருவர் தலைமைப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்நாட்டு விதி கட்டாயப்படுத்துகிறது.

"இது சக ஊழியர்களிடையே சந்தேகத்தை வளர்க்கும்" என்பது அடுத்தது. பிளைமவுத் நகரின் லிட்டில் டெட்ஸ் காப்பகத்தைப் பற்றி அவர் படித்ததே இல்லையா? அங்கே பணிபுரிந்த வனெசா ஜார்ஜ், குழந்தைகளைத் துன்புறுத்திக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியது 2009இல் வெளிப்பட்டது. உடன் வேலை செய்தவர்களுக்கு அவரது பேச்சும் போக்கும் உறுத்தியிருந்தும், எதிர்த்துக் கேட்கத் துணிவு வரவில்லை என்பதை 2010இல் வெளியான ஆய்வறிக்கை விரிவாகக் காட்டியது. அங்கே குழந்தைகளைக் கைவிட்டது சந்தேகமா, வாய்மூடிய இணக்கமா? மேலும், பொறுப்பாளர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். ஊழியர் மீதான புகாரை உள்ளாட்சியின் உரிய அலுவலரிடம் கொண்டு செல்பவர். கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்கும் அதிகபட்சம் 14 நாட்களுக்குள் தகவல் போயாக வேண்டும். வதந்தியில் சிக்கும் நிரபராதிக்கும் இதைவிட நல்ல காப்பு எது?

"வெறும் காகித வேலை, தாயுள்ளம் போதும்" என்பது மூன்றாவது. பேச்சு வராத குழந்தைக்கு அந்தக் காகிதம்தான் வாக்குமூலம். தாயுள்ளத்தை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார்?

குட்டு உடைவது கடைசிப் பத்தியில்: புகார் செய்வதா வேண்டாமா என்பதை "உரிமையாளரின் விவேகத்துக்கு" விடச் சொல்கிறார். எல்லோருக்கும் சமபொறுப்பு என்று தொடங்கியவர், காப்பகத்தின் பெயர் கெட்டால் நட்டப்படும் ஒருவரிடமே கடைசியில் சாவியைக் கொடுக்கிறார்! காக்க நினைப்பது குழந்தையையா, சேர்க்கைப் பட்டியலையா?

பெயருக்கு ஒருவரை நியமித்துவிட்டு, அவருக்கு நேரமும் தராமல், பயிற்சியையும் புதுப்பிக்காமல், உரிமையாளரை மீறிப் புகார் செய்யும் அதிகாரத்தையும் மறுக்கும் காப்பகங்களை அவர் சாடியிருந்தால், முதல் கையொப்பம் என்னுடையதாக இருந்திருக்கும். அவரோ பதவியையே ஒழிக்கச் சொல்கிறார்.