கொடுத்த மருந்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

தாயகம் சென்று திரும்பும் எம்மவர் சிலரின் பயணப்பொதியில் நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளும் பாணிமருந்துப் போத்தல்களும் தவறாது இடம்பெறுகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால் முதலில் அவையே கொடுக்கப்படுகின்றன. பின்னர் பிள்ளை மூச்சுவிடச் சிரமப்பட்டு வைத்தியசாலைக்கு விரையும்போது, கொடுத்ததைச் சொல்லப் பெற்றோர் கூசுகின்றனர். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் எமது குடும்பங்கள் கைவிட வேண்டிய வழக்கம் இது.

நியூமோனியாவுக்குக் காரணமான பற்றீரியாவை இனங்காண்பது இலகுவன்று. இரத்தத்தையோ நெஞ்சறையில் தேங்கிய நீரையோ ஆய்வுகூடத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. உயிருள்ள கிருமியே வளரும். முன்னரே கொடுத்த மருந்து அதனைத் தடுத்துவிடக்கூடும். பி.சி.ஆர். எனும் மூலக்கூற்றுச் சோதனையோ இறந்த கிருமியின் மரபணுத் துணுக்கையும் பெருக்கிக் காட்டவல்லது.

2007 முதல் 2009 வரை அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆய்வொன்று, நுரையீரலைச் சூழ்ந்த உறையினுள் சீழ் கட்டிய 174 சிறுவர்களை ஆராய்ந்தது. வளர்ப்புச் சோதனையில் 160 நெஞ்சறை நீர் மாதிரிகளுள் 53 மாத்திரமே பற்றீரியாவைக் காட்டின. பி.சி.ஆர். சோதனையோ 145 மாதிரிகளுள் 74இல் நியூமோகொக்கசையும் 19இல் ஏனைய பற்றீரியாக்களையும் கண்டறிந்தது. நியூமோகொக்கசின் வகை அறியப்பட்ட 53 மாதிரிகளுள் 51, அன்று குழந்தைகளுக்கு வழங்கப்பட்ட ஏழுவகைத் தடுப்பூசிக்குள் அடங்காதவை. 19ஏ, 3, 1 ஆகிய வகைகளே அவற்றுள் மிகுந்திருந்தன. 2011 ஜூலையில் இந்நாட்டுத் தேசியத் திட்டத்தில் சேர்ந்த 13 வகைத் தடுப்பூசி இம்மூன்றையும் உள்ளடக்கியது. மாதிரி எடுக்க மருத்துவர் அனுமதி கேட்கும்போது தயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. நலமாயுள்ள பிள்ளைகளின் மூக்கிலும் நியூமோகொக்கஸ் குடியிருக்கும். மூக்குச்சளியில் அது தென்பட்டமை மட்டும் நோய்க்காரணத்தை நிறுவாது. மேலும், சிறுவர் நியூமோனியாவில் கணிசமானவை வைரசுகளால் வருபவை. அவற்றிடம் எமது பயணப்பொதி மாத்திரை செல்லுபடியாகாது.

எனவே மருந்தின் உறையையோ போத்தலையோ கையோடு கொண்டு செல்லுங்கள். எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் கூறுங்கள். பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் இளையோரே, இச்செய்தியைச் சங்கடம் கருதி விழுங்கிவிடாதீர்கள். பாட்டன் பாட்டியர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் 131 450 எனும் உரைபெயர்ப்புச் சேவை இலக்கத்தைத் தொலைபேசியருகே எழுதி வையுங்கள். வைத்தியசாலைகளிடமும் எமக்கொரு கோரிக்கை உண்டு: வெளிநாட்டு மருந்து கொடுக்கப்பட்டதா எனக் குற்றஞ்சாட்டும் தொனியின்றிக் கேளுங்கள், சோதனை முடிவைத் தமிழில் விளக்க உரைபெயர்ப்பாளரை அழையுங்கள்.